ஒரு கட்டத்தையும் விடாதவர்

கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்து இழுத்து, இரண்டாவது முடிச்சையும் போட்ட பிறகுதான் ஆல்பி பாஸ்கோ நிமிர்கிறார். யாலங்கா ஆரம்பப் பள்ளியின் கம்பி வேலியில், வாசலுக்கு இடப்பக்கம், கட்சியின் தட்டி ஏறிவிட்டது. அவருக்கு இடப்பக்கம்தான் வேண்டும். பத்து மணிக்கு மேல் யூகலிப்டஸ் நிழல் அந்தப் பக்கம் சாயும். எதிர்க்கட்சிக்காரர் வலப்பக்கம் நின்று மாலை வரை வேகலாம். இந்த ஒரு சூழ்ச்சிக்காகவே தேர்தல் நாள்களில் விடிவதற்கு முன் வந்துவிடுகிறார். மதியம் ஆனதும், அந்த எதிர்க்கட்சிக்காரர் மயங்கி விழுந்துவிடக் கூடாதே என்று ஒரு பாட்டில் குளிர்ந்த தண்ணீரையும் அவரே கொண்டுபோய்க் கொடுப்பார்.

அடுத்த வேலை சாக்கட்டி. ஓட்டுப் போடும் அறை வாசலிலிருந்து ஆறு மீட்டருக்குள் யாரும் கட்சி பேசக் கூடாது என்பது சட்டம். ஆல்பி எட்டு வைத்து அளந்து தார்த் தரையில் கோடு கிழிப்பார். சொந்தக் கட்சிக்காரர் செருப்பு முனை அந்தக் கோட்டைத் தாண்டினாலும் சத்தம் போடுவார். நிழல் இருக்கும் இடத்தில் மட்டும் கோடு சற்று உள்ளே வளைந்திருக்கும். அதை இதுவரை யாரும் நாடா வைத்து அளந்ததில்லை.

மின் நிலையத்தில் கொதிகலன் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். நிலையம் கொடுத்த பூட்ஸைத்தான் இன்றும் போடுகிறார். நிலையத்தைத் தனியாருக்கு விற்றபோது கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டாலும், விற்றவர்களை மன்னிக்கவில்லை. எப்படி ஓட்டுப் போடுவது என்று கட்சி அச்சடித்த அட்டைகளை இடது முழங்கைக்குள் அணைத்துக்கொண்டு, வலது கட்டை விரலை நாக்கில் தொட்டு, ஒன்றொன்றாக உருவி நீட்டுவார். வணக்கம், எப்படி இருக்கிறீர்கள் என்பதெல்லாம் கிடையாது. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே வாக்கியம்தான்:

"ஒண்ணுல ஆரம்பிங்க, ஒரு கட்டத்தையும் விடாதீங்க."

யாலங்காவில் ஓட்டு என்றால் எண் போடுவது. பிடித்த வேட்பாளருக்கு எதிரே ஒன்று, அடுத்தவருக்கு இரண்டு, இப்படிப் பிடிக்காதவர் வரைக்கும் போட்டுத் தீர வேண்டும். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் சீட்டு செல்லாது. கட்சிக்கு வர வேண்டிய ஓட்டுகள் அப்படிப் பாழாவதைப் பார்த்துப் பார்த்து, ஆல்பி இளவயதில் கண்டுபிடித்த மந்திரம் அது. நாற்பது ஆண்டுகளாகச் சொல்லி ஊர் முழுக்க மனப்பாடமாகிவிட்டது. "ராத்திரி நான் புரண்டு படுத்தாப் போதும், தூக்கத்துலயே 'ஒரு கட்டத்தையும் விடாதீங்க'ன்றாரு மனுஷன்," என்று அவர் மனைவி டல்சி, புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் பௌல்ஸ் கிளப்பில் சொல்லிச் சிரிப்பாள்.

வாசல் பொறுப்பாளர் என்ற பதவியை ஒவ்வோர் ஆண்டும் கட்சிக் கிளை புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆல்பிக்கே கொடுக்கிறது. கிளைத் தலைவர் நெவில் ஹார்கன் பள்ளி ஆசிரியர். விதிப்புத்தகத்தை மேல்சட்டைப் பையில் வைத்திருப்பவர். இளைஞர் யாரையாவது வாசலில் நிறுத்தலாமே என்று அவர் இரண்டு முறை பேச்செடுத்துப் பார்த்தார். "தாராளமா நிறுத்து, வாத்தியாரே. மொதல்ல இளைஞர்னு ஒருத்தரக் கண்டுபிடிச்சுக் கொண்டா," என்றார் ஆல்பி. கிளையிலேயே வயதில் குறைந்தவர் செயலாளர் கார்மன் ஸ்பிட்டெரி. அவளுக்கு ஐம்பத்திரண்டு.

ஆல்பியிடம் இப்போது மிச்சம் இருப்பவை மூன்று: டல்சி, நாய், வாசல். இதில் ஒன்றை விடச் சொன்னால் நாயைப் பற்றி யோசிப்பார். டல்சி பக்கத்தில் இல்லையென்றால் இன்னும் கொஞ்ச நேரம் யோசிப்பார். வாசலைப் பற்றி யோசிக்கவே மாட்டார்.

அந்த நவம்பரில் நாட்டு மக்களிடம் கேட்கப்பட்டது வேறு விதமான ஓட்டு. இங்கிலாந்து ராணியையே தலைமையில் வைத்துக்கொள்வதா, சொந்தமாக ஒரு ஜனாதிபதியை வைத்துக்கொள்வதா என்று ஒரு சீட்டு. அரசியல் சாசனத்துக்கு ஒரு முன்னுரை சேர்க்கலாமா என்று இன்னொரு சீட்டு. இரண்டிலும் வேட்பாளர் பெயர் எதுவும் இல்லை. சீட்டுக்கு ஒரு கட்டம், அவ்வளவுதான். அதற்குள் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுத வேண்டும். கட்சி இரண்டுக்கும் 'ஆம்' என்றது. ஆல்பிக்கு அதில் முழுச் சம்மதம். ராணி மீது அவருக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. "நல்ல பொம்பளைதான். ஆனா நம்ம வீட்டுச் சாவி அவங்க கைப்பையில எதுக்குக் கெடக்கணும்?" என்பார்.

ஓட்டெடுப்புக்குச் சில நாள் முன்பு கட்சித் தலைவர் லயனல் கிரீவ் யாலங்காவுக்கு வந்தார். மின் நிலைய வாசலில், வேலை முறை மாறும் நேரத்தில், ஒரு பெட்டி மேல் ஏறி நின்று பேசினார். மொத்தம் பதினொரு நிமிடம். "ஜெயிச்சா நல்லது. ஜெயிக்காமப் போனாலும் மறுநாள் சூரியன் உதிக்கத்தான் போகுது," என்று சொல்லி இறங்கினார். பிறகு கிளையின் மூத்த உறுப்பினர் பெரில் க்வேஃப் சொந்தக் கையால் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்டுக் கொண்டுவந்த மீட் பையை நீட்டினாள். கையில் பிடித்துக் கடித்துத் தின்ன வேண்டிய பண்டம். தலைவர் முள்கரண்டி கேட்டார். கிடைத்ததும் பாதி சாப்பிட்டார். மீதிப் பாதி காரின் முன்பக்கத்துத் தகரத்தில் ஆறிப் போய்க் கிடந்ததைப் பெரில் பார்த்தாள்.

ஓட்டெடுப்பு நாளில் வடக்கிலிருந்து அனல் காற்று. பள்ளி நிதிக்காகப் பெற்றோர்கள் சாசேஜ் வாட்டி விற்ற புகை வரிசையின் முகத்தில் அடித்தது. ஆல்பி நிழலில் நின்று கை ஓயாமல் அட்டை கொடுத்தார். அவரோடு கொதிகலனில் வேலை பார்த்த ஒருவர் அட்டையை வாங்காமல் நின்றார்.

"மின் நிலையத்த வித்தாங்களே, அப்ப நம்மளக் கேட்டாங்களா ஆல்பி?"

"கேக்கல."

"இப்பத்தான் மொத தடவையா கேக்கறாங்க. 'இல்ல'ன்னு ஒரு தடவ சொல்லிப் பாத்துக்கறேன், விடு."

"அது வேற, இது வேறப்பா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

ஆல்பி அவர் கையிலும் ஓர் அட்டையைத் திணித்து, வழக்கமான வாக்கியத்தைச் சொல்லி உள்ளே அனுப்பினார். அன்று எல்லோரையும் அப்படித்தான் அனுப்பினார்.

நாடு முழுவதும் 'இல்லை' ஜெயித்தது. யாலங்காவிலும் அதே கதைதான். ஆல்பி அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் யார் செய்த தப்பு என்று முடிவு செய்துவிட்டதால் நன்றாகச் சாப்பிட்டார்.

அடுத்த பத்து நாள்கள் அவர் ஒரே வழக்கை ஊரின் எல்லா இடங்களிலும் நடத்தினார். முடிதிருத்தும் கடை நாற்காலியில் துணி போர்த்தி உட்கார்ந்தபடியே, "பதினொரு நிமிஷம். என் நாய குளிப்பாட்டவே அதுக்கு மேல ஆவும்," என்றார். இறைச்சிக் கடையில், "தோத்தாலும் சூரியன் உதிக்குமாம். ஓட்டுக் கேக்க வந்தவன் பேசற பேச்சா இது? அதக் கேட்டுட்டு எவன் போய் 'ஆம்'னு எழுதுவான்?" என்றார். கடைக்காரர், தான் தலைவர் பேச்சைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதியதாகச் சொன்னார். "பாத்தியா? ஒன்ன வந்து கேக்க வைக்கவே துப்பில்ல அந்தாளுக்கு," என்று அதையும் ஆல்பி தலைவர் கணக்கிலேயே சேர்த்தார்.

தெருவில் எதிர்ப்பட்ட நெவில் நிதானமாக எடுத்துச் சொன்னார். ஜனாதிபதியை மக்கள் தேர்ந்தெடுக்காமல் நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் என்றதும் பாதிப் பேர் பின்வாங்கிவிட்டார்கள். மீதிப் பேருக்கு எல்லார் மேலும் கோபம். இதில் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

"வாத்தியாரே, ஒன் வகுப்புல எல்லாப் பசங்களும் பெயிலானா யார கேப்பாங்க?"

"பசங்களையும்தான் கேப்பாங்க."

"அதனாலதான் ஒன் பசங்க பெயிலாவறாங்க," என்று சொல்லிவிட்டு ஆல்பி நடந்தார்.

அன்று மாலையே தீர்மானம் எழுதிவிட்டார். 'ஓட்டெடுப்புத் தோல்விக்குத் தலைவர் லயனல் கிரீவ் பொறுப்பு என்று யாலங்கா கிளை கருதுகிறது. அவர் விலக வேண்டும்.' பெரில் வழிமொழிந்து கையெழுத்துப் போட்டாள். கையெழுத்தின் கீழே, யாரும் கேட்காமலே, 'முள்கரண்டி' என்று எழுதி இரண்டு கோடு போட்டாள். உள்ளூர்ச் செய்தித்தாள்காரர் முடிவைத் தொலைபேசியில் சொல்லச் சொல்லியிருந்தார். தீர்மானம் நிச்சயம் ஜெயிக்கும் என்று நெவிலுக்கே தெரியும்.

கிளைக் கூட்டம் பௌல்ஸ் கிளப்பின் பின்னறையில் நடந்தது. ஏழரை மணிக்கும் வெளியே வெளிச்சம் இருந்தது. தேநீர்ப் பாத்திரம் கொதித்துக்கொண்டிருக்க, இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். இரண்டு பேர் காதுக் கருவியை வீட்டில் மறந்துவிட்டு முன்வரிசையில் இருந்தார்கள். ஆல்பி கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

செயலாளர் கார்மன்தான் ஓட்டு எண்ணும்போது கட்சி சார்பில் பள்ளிக்குள் இருந்தவள். சீட்டைத் தொடக் கூடாது. மேசைக்கு எதிரே நின்று பார்க்கலாம். அந்த அறிக்கையை அவள் இன்று வாசிக்க வேண்டும். அவள் குனிந்து நெவிலின் காதருகே சொன்னாள்:

"எண்ணிக்கை அறிக்கைய அடுத்த மாசம் வச்சுக்கலாமா?"

"முடியாது. அறிக்கை மொதல்ல, தீர்மானம் அப்புறம். விதி இருக்கு."

"விதியத் தெரிஞ்சுதான் கேக்கறேன், நெவில்."

"அப்புறம் என்ன கேள்வி? படிங்க."

கார்மன் எழுந்தாள். பள்ளி வாசலில் 'இல்லை' முப்பத்தெட்டு ஓட்டு அதிகம். செல்லாத ஓட்டு அறுபத்து மூன்று. சொல்லிவிட்டு உட்காரப் போனாள். பின்வரிசையில் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். எந்தத் தேர்தலிலும் அந்த வாசலில் செல்லாத ஓட்டு பத்தைத் தாண்டியதில்லை. அது ஆல்பியின் பெருமை.

நிமிர்ந்து உட்கார்ந்தவரும் ஆல்பிதான்.

"அறுபத்து மூணா? எப்பிடிக் கண்ணு செல்லாமப் போச்சு?"

"பல விதமா இருந்துச்சு ஆல்பி."

"பல விதம்னா?"

"அதான், தப்பா எழுதியிருந்தாங்க."

"என்ன தப்பு? வெவரமாச் சொல்லும்மா. நம்ம ஆளுங்க சீட்டப் பாழாக்க மாட்டாங்க. தலைமை ஆபீஸ் அச்சடிச்ச அட்டையிலதான் கோளாறு. அதையும் தீர்மானத்துல சேத்துடலாம். அந்தாளு கையெழுத்துப் போட்டுத்தான அட்ட வந்துச்சு?"

"அட்டை சரியாத்தான் இருந்துச்சு."

"அப்ப என்னதான் எழுதியிருந்தாங்க?"

கார்மன் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மாட்டிக்கொள்ளாமலே சொன்னாள்.

"மொத சீட்டுல ஒண்ணு. ரெண்டாவது சீட்டுல ரெண்டு."

காதுக் கருவி இல்லாதவர் பக்கத்தில் இருந்தவரிடம் "என்ன சொன்னா?" என்று கேட்டார். அவர் இரண்டு விரலை ஒவ்வொன்றாகக் காட்டினார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், சிரிப்பை விழுங்கியபடி, "ஒரு கட்டத்தையும் விடல பாத்தியா," என்றது. அடக்கப் பார்த்தும் முடியாமல் நாலைந்து பேர் சிரித்தார்கள். பெரிலும் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆல்பிக்கு முதலில் புரியவில்லை. பிறகு அவர் உதடுகள் தாமாக அசைந்தன. சத்தமில்லாமல் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். அன்று வாசலில் சொன்னாரா என்று நினைவுக்குக் கொண்டுவர முயன்றார். சொன்னதாக நினைவில்லை. மூச்சு விட்டதாகவும்தான் நினைவில்லை.

"எல்லாம் வயசானவங்களா?" என்று கேட்டார்.

"யார் போட்டதுன்னு எப்பிடித் தெரியும் ஆல்பி? ஆனா எழுத்து நடுங்கித்தான் இருந்துச்சு. சீட்டுல என்ன எழுதணும்னு பெரிசா அச்சடிச்சிருந்துச்சு. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு அதப் படிக்காமலே போட்டிருக்காங்க."

ஆறுதலாகச் சொல்ல நினைத்துச் சொன்னாள். அது அவரை, போட்டிருந்த கோட்டோடு சேர்த்துச் சுருக்கிவிட்டது. அவர் பேச்சைக் கேட்காதவர்கள் 'இல்லை' என்று ஒழுங்காக எழுதிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பாழாய்ப் போனவை எல்லாம் அவரை நம்பியவர்களின் ஓட்டு. அவை 'ஆம்' ஆகியிருந்தால் முப்பத்தெட்டைக் கடக்க அதுவே தாராளம்.

நெவிலுக்குத் தர்மசங்கடம். விதிப்புத்தகத்தை எடுத்து, திறக்காமலே மேசையில் வைத்தார்.

"ஆல்பி, நாடு முழுக்கத் தோத்துருக்கோம். லட்சக்கணக்குல. இந்த அறுபத்து மூணால என்ன மாறியிருக்கும்? மனசுல வச்சுக்காதீங்க. தீர்மானத்த வேணும்னா திரும்ப எடுத்துக்குங்க. எல்லாரும் வீட்டுக்குப் போலாம்."

"எதுக்கு எடுத்துக்கணும்?" ஆல்பி எழுந்து நின்றார். "ஒரு வாசல்ல நான் ஒளறுனதால நாட்டுல எதுவும் மாறலன்னா, ஒரு ஊர்ல அந்தாளு பதினொரு நிமிஷம் பேசுனதால மட்டும் என்ன மாறியிருக்கும்? அவனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?"

"அதத்தான நானும் பத்து நாளாச் சொல்றேன்."

"நீ சொல்றது ரெண்டு பேரையும் விட்டுருன்னு. நான் சொல்றது ரெண்டு பேரையும் பிடின்னு." கார்மன் பக்கம் திரும்பினார். "தீர்மானத்துல ஒரு திருத்தம். எழுதிக்க கண்ணு. தோல்விக்குத் தலைவர் லயனல் கிரீவும், பள்ளிக்கூட வாசல் பொறுப்பாளர் ஆல்பர்ட் பாஸ்கோவும் பொறுப்பு. ரெண்டு பேரும் விலகணும்."

கார்மன் எழுதவில்லை.

"எழுதும்மா. என் தீர்மானம், என் திருத்தம். விதியில எடமிருக்கா இல்லியா, வாத்தியாரே?"

வழிமொழிந்தவர் சம்மதித்தால் இடமுண்டு என்று நெவில் வேண்டாவெறுப்பாகச் சொன்னார். எல்லோரும் பெரிலைப் பார்த்தார்கள். அவள் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நான் முள்கரண்டிக்காகத்தான் கையெழுத்துப் போட்டேன், ஆல்பி. நீ எங்க நடுவுல வந்த?"

"நான்தான் நாற்பது வருஷமா நடுவுல நிக்கறேனே. சம்மதமா, இல்லியா?"

"ஓட்டுக்கு விடறதுக்குச் சம்மதம். ஓட்டுப் போடச் சொல்லாத."

நெவில் திருத்திய தீர்மானத்தை வாசித்தார். தன் பெயரின் முழு வடிவம் காதில் விழுந்தபோது ஆல்பி கோட்டின் பித்தானை மாட்டினார். வெளியே யாரோ பச்சைப் புல்லில் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். பந்தும் பந்தும் மோதும் சத்தம் கேட்டது. அவர் விலகினால் வாசலில் யார் நிற்பார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எவராவது வலப்பக்கம் போய் நின்று வெயிலில் வேகப்போகிறார். ஆனாலும் உட்காரவில்லை.

"தீர்மானத்துக்கு எதிரா இருக்கறவங்க கை தூக்கலாம்," என்றார் நெவில். அவசரத்தில் வரிசை மாற்றிக் கேட்டுவிட்டார். விதிப்படி ஆதரவைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை.

தலைவரைத் தூக்கி எறிய ஒரு வாரமாகத் துடித்துக்கொண்டிருந்த கிளை அது. முன்வரிசையில் கை எழுந்தது. பின்வரிசையில் கிண்டல் செய்தவர் முதலில் தூக்கியவர்களில் ஒருவர். பெரில் கைப்பையை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தோள் வரை உயர்த்தினாள். கார்மன் பேனாவோடு தூக்கினாள். காதுக் கருவி இல்லாதவர்கள் எதற்கென்று தெரியாமலே தூக்கினார்கள். யாலங்கா கிளையில் லயனல் கிரீவ் ஒரு நொடியில் குற்றமற்றவர் ஆனார். அவருக்கு அதுவரை கிடைத்த பெரும்பான்மைகளில் இதுவே பெரியதாக இருக்கலாம்.

"ஆதரவு?" நெவில் தாளைப் பார்த்தபடி, பதில் வராது என்ற நம்பிக்கையில், மெல்லக் கேட்டார்.

ஆல்பி கையைத் தூக்கினார். பக்கத்தில் இருந்தவர் கோட்டு நுனியைப் பிடித்து, "போதும், எறக்கு மனுசா," என்று கீழே இழுத்தார். ஆல்பி அந்தப் பிடியை உதறிவிட்டு, கார்மன் குனிந்து அந்த ஒன்றையும் எழுதி முடிக்கும் வரை, கையை இன்னும் ஒரு சாண் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.